ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் என்ன? கோயில் மண்டபத்தில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும் யூ.பி.யூ. விண்ணப்பம் நிரப்பும் காலம் வந்துவிட்டால், எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிந்த பிறகும் மண்டபத்தில் ஒரு கூட்டம் கலையாமல் உட்கார்ந்திருக்கும். எங்களுடையது மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் உள்ள ஊர். ஒரு காலத்தில் பாதி ரப்பர், பாதி செம்பனை. இப்போது முழுக்கச் செம்பனை. நான் ரப்பர் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் 27 வருஷம் வேலை பார்த்தவன். பல்கலைக்கழகப் படி ஏறிப் படித்தவன் இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேர் படித்தார்கள். மூத்தவன் முனைவர் பட்டம் வரைக்கும் போனான். அவர்களுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதுதான் இங்கே இருப்பது.

ஒரே சந்தேகத்துக்கு வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பப் பதில் தட்டி அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

"அண்ணே, எல்லாம் யூனிதானே? இதுல என்ன ஆராய்ச்சி யூனி, சாதா யூனி?"

எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இரண்டு வேலை உண்டு. ஏற்கெனவே தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது ஒன்று. இதுவரை யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. இரண்டாவது வேலைக்குக் காசு நிறைய வேண்டும். கருவி, ரசாயனம், முனைவர் பட்ட மாணவர்கள், அவர்களுக்கு உதவித்தொகை என்று போய்க்கொண்டே இருக்கும். சில இடங்களில் இந்த வேலை பெரிதாக நடக்கும், சில இடங்களில் பேருக்கு நடக்கும்.

ஆராய்ச்சியின் அளவை வைத்து வகைப்படுத்துகிறவர்கள் பார்ப்பது இந்த இரண்டாவது வேலையை மட்டும். முதல் வேலை, அதாவது வகுப்பில் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பது, அவர்கள் கணக்கிலேயே வராது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

"நம்ம நாட்டுல ஆராய்ச்சி யூனி எது எது?"

ஐந்து. மலாயாப் பல்கலைக்கழகம், நம் பக்கத்து யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), யூ.கே.எம். (தேசியப் பல்கலைக்கழகம்), யூ.பி.எம். (புத்ரா பல்கலைக்கழகம்) ஆகிய நான்குக்கும் 2006இல் அந்தத் தகுதி கிடைத்தது. ஜொகூரில் இருக்கும் யூ.டி.எம். (தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) 2010இல் சேர்ந்தது. அப்புறம் யாரும் சேரவில்லை. யூ.எஸ்.எம்.முக்கு 2008இல் 'அப்பெக்ஸ்' என்று இன்னொரு பட்டமும் கொடுத்தார்கள். அது வேறு திட்டம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அரசாங்கப் பல்கலைக்கழகம் மொத்தம் 20. அதில் இந்த ஐந்து போக, பல துறைகளையும் பரவலாக நடத்தும் பொதுவகை நான்கு. மீதி 11, ஏதோ ஒரு துறையைக் குறியாக வைத்து நடப்பவை. ஆசிரியர் பயிற்சிக்குப் பேர்போன தஞ்சோங் மாலிம் உப்சி, வடக்கே பெர்லிஸில் இருக்கும் யூனிமாப், சிந்தோக்கில் இருக்கும் யூ.யூ.எம். எல்லாம் இந்த வகை.

"இந்தப் பட்டத்தை யார் குடுக்கிறா? எதை வெச்சுக் குடுக்கிறா?"

கொடுப்பது உயர்கல்வி அமைச்சு. அளந்து பார்க்க 'மைரா' என்ற மதிப்பீட்டுக் கருவி வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் எத்தனை பேர், அவர்கள் தகுதி என்ன, எவ்வளவு ஆராய்ச்சிப் பணம் கொண்டுவந்தார்கள், எத்தனை கட்டுரை வெளியிட்டார்கள், முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் எத்தனை பேர், காப்புரிமை போன்ற புத்தாக்கம் என்ன, வெளி நிறுவனங்களோடு என்ன தொடர்பு, ஆய்வு வசதி எப்படி என்று தலைப்பு தலைப்பாகப் புள்ளி போடுவார்கள்.

சொல்லித் தருவதை அளக்க 'செத்தாரா' என்று தனியாக ஒன்று தொடங்கினார்கள். முதல் பதிலில் சொன்ன இரண்டு வேலைக்கும் இரண்டு தனி அளவுகோல், அவ்வளவுதான். மண்டபத்தில் எல்லோரும் மைரா பக்கத்தையே பேசுகிறார்கள், செத்தாராவைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கப்போகிறவர்கள் இப்படித் தலைகீழாக விசாரிப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

"அப்படின்னா ஆராய்ச்சி யூனின்னா ஒசத்தி, மத்ததெல்லாம் மட்டம். அப்படித்தானே?"

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பாஷையில்தான் பதில் சொல்ல முடியும். ரப்பர் பாஷை.

எங்கள் அப்பா காலத்தில் புகை போட்ட ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, பூஞ்சை படிந்திருக்கிறதா, நிறம் எப்படி என்று பார்த்து ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று அடுக்குவார்கள். பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது அது. 1965இல் எஸ்.எம்.ஆர். (மலேசியத் தர ரப்பர்) என்ற முறை வந்தது. அதில் கண்ணுக்கு வேலை இல்லை. பத்து கிராம் ரப்பரைச் சூடான கரைப்பானில் கரைத்து, 44 மைக்ரான் சல்லடையில் ஊற்றி வடிகட்டி, தங்கிய அழுக்கைக் காயவைத்து நிறுத்துப் பார்ப்போம். என் வாழ்க்கையில் பாதி அந்தச் சல்லடையோடு போனது. அழுக்கு 0.08 சதவீதத்துக்குள் இருந்தால் எஸ்.எம்.ஆர். 10. 0.16க்குள் இருந்தால் எஸ்.எம்.ஆர். 20.

இப்போது சொல்லுங்கள், 20 மட்டமான ரப்பரா? உலகத்து டயர் கம்பெனிகள் பெரும்பாலும் வாங்குவது அந்த 20ஐத்தான். கப்பில் உறைந்த கட்டிப்பாலில் செய்கிற சரக்கு. அவர்கள் வேலைக்கு அது போதும், விலையும் தோது. அந்த எண் சொல்வது அழுக்கின் அளவை. ரப்பர் எவ்வளவு இழுபடும், எதற்கு உதவும் என்பதற்கெல்லாம் வேறு சோதனை உண்டு. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்ற முத்திரையும் அப்படித்தான். ஒன்றை அளந்திருக்கிறார்கள், சரியாகவே அளந்திருக்கிறார்கள். நாம்தான் அதை எல்லாவற்றுக்கும் மார்க் என்று நினைத்துக்கொள்கிறோம்.

"எங்க பொண்ணு தமிழ் டீச்சர் ஆகணும்னு நிக்கிறா. உப்சி ஆராய்ச்சி யூனி இல்லைன்னு அவ மாமா வேணாங்கிறார்."

மாமாவிடம் மேலே உள்ள பதிலைப் படிக்கச் சொல்லுங்கள். தஞ்சோங் மாலிமில் 1922இலிருந்து ஆசிரியர் பயிற்சி நடக்கிறது. இன்றைக்கு அங்கே தமிழ்மொழிக் கல்விக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு அதைவிட நேரான வழி என்ன இருக்கிறது?

அவளுக்கு மொழியை, இலக்கியத்தை ஆராய்ந்து மேலே படிக்க ஆசை என்றால் அது வேறு கதை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இலிருந்து நடக்கிறது. அங்கே முனைவர் பட்டம் வரைக்கும் போகலாம். முதலில் பொண்ணைக் கேளுங்கள், மாமாவை அப்புறம் கேட்கலாம்.

"அங்கிள், அமெரிக்காவுல இருக்கிற என் கசின் 'எங்க யூனி ஆர்-ஒன்'னு பீத்திக்கிறான். ஆர்-ஒன்னா என்ன?"

அமெரிக்காவில் கார்னகி வகைப்பாடு என்று ஒன்று இருக்கிறது. இரும்பாலை முதலாளி ஆண்ட்ரூ கார்னகி 1905இல் நிறுவிய கல்வி அறக்கட்டளையின் பேர் அது. 1970இல் இந்த வகைப்பாட்டைத் தயாரித்து 1973இல் வெளியிட்டார்கள். உயர்கல்வியை ஆராய்கிறவர்கள் ஒரே மாதிரி நிறுவனங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட வசதியாகத்தான் அதைச் செய்தார்கள். யார் முதல், யார் கடைசி என்று வரிசைப்படுத்தும் நோக்கம் அப்போது இல்லை.

இப்போதைய கணக்கு 2025இல் வந்தது. வருஷத்துக்கு ஆராய்ச்சிக்காகக் குறைந்தது 5 கோடி டாலர் (ஏறத்தாழ 20 கோடி மலேசிய வெள்ளி) செலவு, குறைந்தது 70 ஆராய்ச்சி முனைவர் பட்டம். இரண்டும் இருந்தால் ஆர்-1. 50 லட்சம் டாலரும் 20 முனைவர் பட்டமும் இருந்தால் ஆர்-2. இந்த இரண்டிலும் வராமல் 25 லட்சம் டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிறவர்களுக்குப் புதிதாக மூன்றாவது பிரிவு ஒன்றும் தொடங்கினார்கள். அந்த வருஷப் பட்டியலில் ஆர்-1 187, ஆர்-2 139, மூன்றாவது 216. உங்கள் கசின் பீற்றிக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் 187 பேரில் ஒருவர் அவர்.

"காசு செலவு பண்ணினா ஆர்-1ஆ? அப்போ நல்ல ஆராய்ச்சியா, குப்பை ஆராய்ச்சியான்னு யார் பார்க்கிறது?"

சரியான கேள்வி. கேட்டவர் ஓய்வுபெற்ற கிராணி, கணக்குப் புத்தகத்தோடேயே வாழ்ந்தவர்.

கார்னகி வகைப்பாடு அதைப் பார்ப்பதில்லை. செலவான டாலரையும் கொடுத்த பட்டங்களையும் எண்ணுகிறது. ஒரு கோடி டாலர் செலவழித்து ஒன்றும் கண்டுபிடிக்காவிட்டாலும் அது ஒரு கோடிதான். தத்துவம், வரலாறு, மொழி மாதிரி துறைகளுக்கு ஒரு நல்ல நூலகமும் ஒரு மேசையும் போதும். அங்கே எவ்வளவு பெரிய வேலை நடந்தாலும் டாலர் கணக்கில் சின்னதாகத்தான் தெரியும். மருத்துவமும் பொறியியலும் இருக்கிற இடம் தானாகவே பெரிதாகத் தெரியும். தொல்காப்பியத்தைப் படிக்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டாம் அல்லவா?

முன்பு இதைவிடச் சிக்கலாக வைத்திருந்தார்கள். பல எண்களைக் கலந்து, ஒரு பல்கலைக்கழகத்தை மற்றதோடு ஒப்பிட்டுத்தான் பிரிவு போடுவார்கள். நீங்கள் எவ்வளவு ஓடினாலும் பக்கத்துக்காரர் அதைவிட வேகமாக ஓடினால் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். எவ்வளவு வந்தால் மேலே போகலாம் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. 2025இல் அதை விட்டுவிட்டு நேரடியாக ஒரு கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்டினால் உள்ளே. வாஷிங்டனில் 1867இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய ஹோவர்ட் பல்கலைக்கழகம் அந்த வருஷம் ஆர்-1க்குள் வந்தது. அந்தப் பாரம்பரியத்தில் வந்த கல்லூரிகளில் இன்றைய பட்டியலில் ஆர்-1 அது ஒன்றுதான். வெளிப்படையான கோடு வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. சல்லடை முறையும் அதுதானே.

"ஆர்-2ன்னா செகண்ட் கிளாஸா?"

இல்லை. டார்ட்மத் என்று ஒரு கல்லூரி. 1769இல் தொடங்கியது, அமெரிக்கப் பணக்காரப் பிள்ளைகள் இடம் கிடைக்குமா என்று தவம் கிடக்கும் எட்டுப் பழம்பெரும் நிறுவனங்களில் ஒன்று. 2015 வகைப்பாட்டில் அது ஆர்-2. 2018இல் மறுபடி ஆர்-1. இடையில் அங்கே பாடம் கெட்டுப்போய்த் திருந்தவில்லை. கணக்கு மாறியது. வில்லியம்ஸ் கல்லூரி என்று இன்னொன்று, ஆர்-1ம் இல்லை, ஆர்-2ம் இல்லை. அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

"கியூ.எஸ். ரேங்கிங்கும் இதுவும் ஒண்ணுதானா?"

இல்லை. வகைப்பாடு என்றால் கூடையில் போடுவது. ஒரே கூடையில் இருப்பவை எல்லாம் ஒன்றுதான், அதற்குள் முதலாவது, பத்தாவது கிடையாது. ரேங்கிங் என்றால் வரிசையில் நிறுத்துவது. உலகப் பல்கலைக்கழகங்களை அப்படி வரிசைப்படுத்தும் ஷாங்காய் பட்டியல் 2003இல் தொடங்கியது, கியூ.எஸ். அதற்கு அடுத்த வருஷம்.

கியூ.எஸ். 2025 பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் 60ஆவது இடம். அதில் பெரிய பங்கு, 30 சதவீதம், கல்வியாளர்களிடம் 'உங்களுக்கு எது நல்ல பல்கலைக்கழகமாகப் படுகிறது?' என்று கேட்டு வாங்கும் கருத்து. ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அனுபவசாலிகளின் கண்ணுக்கும் ஒரு மதிப்பு உண்டுதான். ஆனால் ஒரு வருஷம் 65, அடுத்த வருஷம் 60 என்பதற்காக விண்ணப்பத்தில் வரிசையை மாற்றாதீர்கள்.

"மத்த நாட்டுலயும் ஆர்-1, ஆர்-2 உண்டா? இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா?"

அந்தப் பேரில் இல்லை. ஆளாளுக்கு ஒரு முறை. பிரிட்டனில் ரசல் குழு என்று 24 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. லண்டன் ரசல் ஹோட்டலில் கூடிப் பேசி 1994இல் ஆரம்பித்ததால் அந்தப் பேர். அது அவர்களே சேர்ந்து வைத்துக்கொண்ட சங்கம், அரசாங்கம் கொடுத்த தரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் எட்டுப் பேர் குழு என்று அதேபோல் ஒன்று. மோனாஷ் அதில் ஒருவர்.

இங்கிலாந்தில் உண்மையான அளவீடு வேறு. சில வருஷத்துக்கு ஒருமுறை ரெஃப் என்ற மதிப்பீடு நடக்கும். 2021இல் நடந்ததில் 34 துறைப் பிரிவுகளாகப் பிரித்து, அந்தத் துறையைத் தெரிந்தவர்களை உட்கார வைத்துக் கட்டுரைகளைப் படிக்கச் சொல்லி நட்சத்திரம் போட்டார்கள். பல்கலைக்கழகம் மொத்தத்துக்கும் ஒரே எழுத்து இல்லை. இயற்பியல் துறை எப்படி, சட்டத்துறை எப்படி என்று தனித்தனியாகத் தெரியும். கிராணி கேட்ட கேள்விக்கு ஓரளவுக்காவது பதில் சொல்லும் முறை அது. செலவு அதிகம், புலம்பலும் அதிகம் என்று மகன் சொன்னான்.

இந்தியாவில் நாக் என்ற அமைப்பு 'ஏ++' மாதிரி எழுத்துத் தரம் கொடுத்துவந்திருக்கிறது. அரசாங்கத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016இலிருந்து வருகிறது. 2019இலிருந்து அதன் ஒட்டுமொத்தப் பட்டியலில் முதலிடம் சென்னை ஐ.ஐ.டி.க்கு. அங்கே மருத்துவம் படிக்க அனுப்ப நினைப்பவர்கள் இந்த எழுத்துகளையெல்லாம் பார்ப்பதற்கு முன், அந்தக் கல்லூரியின் பட்டத்தை நம் மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்று பாருங்கள். ஆராய்ச்சித் தரம் எவ்வளவு இருந்தாலும் ஊருக்கு வந்து ஊசி போட விடாவிட்டால் என்ன பிரயோஜனம்?

"தனியார் கல்லூரி போஸ்டர்ல 'முன்னணி ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்'னு போட்டிருக்கே, அது?"

இரண்டாவது பதிலில் உள்ள ஐந்து பேரைத் தவிர அந்த அரசாங்கத் தகுதி வேறு யாருக்கும் இல்லை. ஆனால் 'ஆராய்ச்சி' என்ற சொல் யாருடைய சொத்தும் இல்லை, போஸ்டரில் யாரும் போடலாம். நன்றாக ஆராய்ச்சி செய்கிற தனியார் இடங்களும் வெளிநாட்டுக் கிளைகளும் நிஜமாகவே இருக்கின்றன. பண்டார் சன்வேயில் 1998இலிருந்து மோனாஷ் கிளை நடக்கிறது. ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆகவே தனியார் என்றாலே ஏமாற்று என்றும் நினைக்க வேண்டாம்.

எங்கள் லயத்துக்குப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்விக் கண்காட்சியில் ஒருவர் பளபளப்பான கையேட்டைக் கொடுத்து, 'ஆராய்ச்சித் தரம், உலகத் தரம்' என்று பேசி, அங்கேயே 500 வெள்ளி முன்பணம் வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து, படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் தேடினால் நிறுவனம் இருக்கிறது, பையன் கேட்ட படிப்பு இல்லை. பணம் திரும்பி வரவில்லை. ஆக, முதலில் அந்தப் படிப்பின் பேர் பதிவேட்டில் இருக்கிறதா பாருங்கள். பொறியியல் என்றால் பொறியியலாளர் வாரியம் ஏற்கிறதா பாருங்கள். ஆராய்ச்சிப் பேச்சு அதற்குப் பிறகு. எம்.கியூ.ஏ. பதிவேடு இணையத்திலேயே இலவசமாக இருக்கிறது. மண்டபத்தில் வைஃபை கூட இருக்கிறது.

"சரி, டிகிரி படிக்கப் போற பிள்ளைக்கு ஆராய்ச்சி யூனியால என்ன லாபம், என்ன நட்டம்? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

என் வீட்டில் இரண்டும் நடந்தது. மகன் போனது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், மகள் போனது அப்படி இல்லாத ஒன்று.

மகனுக்கு முதல் வருஷம் பெரிய மண்டபத்தில் 200 பேரோடு பாடம். கையேட்டில் படம் போட்டிருந்த பேராசிரியரை அவன் இரண்டு முறைதான் பார்த்தான், ஒருமுறை மின்தூக்கியில். சோதனைக் கூடத்தில் சொல்லித் தந்தது முனைவர் பட்டம் படிக்கும் அண்ணன்மார்தான். அதில் ஒருவர் நன்றாகச் சொல்லித் தந்தார், ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கோபப்பட்டேன். ஆனால் கடைசி வருஷ ஆய்வில் கதை மாறியது. அவனே எலக்ட்ரான் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து ரப்பரும் களிமண்ணும் கலந்த ஒரு துண்டைப் பார்த்தான். இருபத்தேழு வருஷம் நான் எடை போட்ட சரக்கின் உட்புறத்தை அவன் அனுப்பிய படத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் வெற்றிலையை அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்தக் கருவி அந்தக் கட்டடத்தில் இருந்ததால்தான் மேலே படிக்கும் எண்ணமே அவனுக்கு வந்தது.

மகளின் வகுப்பில் 35 பேர். விரிவுரையாளருக்கு அவள் பேர் தெரியும், அவள் தாத்தா இறந்தபோது கூப்பிட்டு விசாரித்தார். பயிற்சிக்குத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள், அதே தொழிற்சாலை வேலைக்கும் எடுத்தது. அவளுக்கு நுண்ணோக்கி தேவைப்படவே இல்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் சொன்னால்: தானாகக் கேட்டு, தேடி, கதவைத் தட்டும் பிள்ளைக்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் புதையல். யாராவது கூப்பிட்டு விசாரித்தால்தான் வாய் திறக்கும் பிள்ளைக்குச் சின்ன வகுப்பு நல்லது. உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று மைராவுக்குத் தெரியாது.

"வேலைக்கு எடுக்கிறவன் இதைப் பார்ப்பானா?"

பேரைப் பார்ப்பார்கள், வகையைப் பார்ப்பது அபூர்வம். ஆராய்ச்சிக் கூடம், விரிவுரையாளர் வேலை என்றால் பார்ப்பார்கள். மற்றபடி எங்கள் தொழிற்சாலையில் சோதனைக் கூடத்துக்கு ஆள் எடுத்தபோது மேனேஜர் கேட்டது ஒன்றுதான்: ஷிப்ட் வேலைக்கு வர முடியுமா?

"பையன் பி.எச்.டி. பண்ணணும்கிறான். அப்பவாவது ஆராய்ச்சி யூனிதானே பார்க்கணும்?"

இங்கே அந்த முத்திரைக்கு அர்த்தம் கூடுகிறது. கருவி, நூலகச் சந்தா, ஆய்வு உதவியாளராகச் சம்பளம் கிடைக்கும் வாய்ப்பு, கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் அங்கே அதிகம். தனியாக உட்கார்ந்து மூன்று நான்கு வருஷம் மாரடிப்பதைவிட, அதே பாட்டைப் பாடி அழுகிற பத்துப் பேர் பக்கத்தில் இருப்பது பெரிய உதவி.

ஆனாலும் முனைவர் பட்டம் என்பது கடைசியில் ஒரு மேற்பார்வையாளரோடு நடத்தும் குடித்தனம். என் மகனின் மேற்பார்வையாளர் பாதியில் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். நிர்வாகம் இன்னொருவரைப் போட எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதமும் அவன் வீட்டில் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது முதல்தர ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்தான். எனவே விண்ணப்பிக்கும் முன் அந்தப் பேராசிரியரிடம் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களைத் தேடிப் பேசச் சொல்லுங்கள். மூன்றே கேள்வி. எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார்? அவரிடம் படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள்? ஆய்வுப் பணம் இன்னும் எவ்வளவு காலத்துக்கு இருக்கிறது? இந்த மூன்றையும் எந்த வகைப்பாடும் சொல்லாது.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கும் இதேதான். தனக்கு வேண்டிய துறை பலமாக இருக்கும் ஆர்-2, அந்தத் துறை நொண்டியடிக்கும் ஆர்-1ஐவிட நல்லது. காரணம் மேலே இங்கிலாந்துப் பதிலில் இருக்கிறது: முத்திரை மொத்த நிறுவனத்துக்கு, படிப்பதோ ஒரு துறையில்.

"இவ்வளவு கோடி கொட்டி ஆராய்ச்சி பண்றாங்களே, நம்ம தோட்டத்து ஜனத்துக்கு அதுல என்ன வந்துச்சு?"

இதைக் கேட்டது ஒரு பாட்டி. கேலியாகத்தான் கேட்டார். ஆனால் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி இதுதான்.

வந்தது. ஆனால் பெரும்பாலும் பல்கலைக்கழகத்திலிருந்து வரவில்லை. பால் வெட்டியவர்கள் எல்லோருக்கும் '600' மரம் தெரியும். ஆர்.ஆர்.ஐ.எம். 600. அது 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ரகம். பழைய விதைக்கன்று மரங்களைவிடப் பால் பல மடங்கு. அந்தக் கழகம் பல்கலைக்கழகம் இல்லை என்பதால், மேலே பேசிய எந்த வகைப்பாட்டிலும் அதற்கு இடமே கிடையாது. ஆர்-1, மைரா எல்லாம் பல்கலைக்கழகங்களை மட்டும் எண்ணுகின்றன. நாட்டில் நடக்கும் ஆராய்ச்சி முழுவதையும் எண்ணுவதாக நினைத்துவிட வேண்டாம்.

செம்பனையில் இன்னொன்று. எங்கள் அம்மா மாதிரி பெண்கள் எழுபதுகளில் செய்த வேலை, பூவுக்குத் தூள் அடிப்பது. மகரந்தத்தையும் டால்கம் பவுடரையும் கலந்து ஒரு ரப்பர் குப்பியில் நிரப்பி, முள் மட்டைகளுக்கு நடுவே கையை விட்டு, பெண்பூ ஒவ்வொன்றின் மேலும் பீச்ச வேண்டும். மழை பெய்தால் திரும்ப அடிக்க வேண்டும். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் செம்பனைப் பூவை உட்கார்ந்து கவனித்து, அங்கே காற்று செய்வதாக எல்லோரும் நினைத்திருந்த அந்த வேலையை ஒரு சின்ன வண்டு செய்கிறது என்று காட்டினார். 1981இல் அந்த வண்டைக் கொண்டுவந்து குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் விட்டார்கள். கொஞ்ச காலத்தில் நாடு முழுக்கப் பரவியது. தூள் அடிக்கும் வேலை ஒழிந்தது.

அம்மாவிடம் கேட்டால் ஆராய்ச்சி என்ற சொல்லே தெரியாது. முழங்கையில் முள் கீறிய தழும்பு மட்டும் கடைசி வரைக்கும் இருந்தது. கேள்வி கேட்ட பாட்டியும் தன் கையைத் திருப்பிக் காட்டினார், அவருக்கும் இருக்கிறது. "வேலை போச்சுன்னு அன்னைக்கு அழுதோம்டா" என்றார்.